சாக்ஸபோனில் வாசித்த ஜெபம்

ஜான் கோல்ட்ரேனைப் பற்றிப் பேசச் சொன்னால் நான் 1957இலிருந்துதான் தொடங்குவேன். ஹெராயினும் குடியும் முற்றிப்போய், மைல்ஸ் டேவிஸ் அவரைத் தன் குழுவிலிருந்து நீக்கிய வருடம் அது. கோல்ட்ரேன் பிலடெல்பியாவில் அம்மா வீட்டுக்குள்ளேயே இருந்து இரண்டையும் விட்டார். நர்ஸாகச் சொல்கிறேன்: அந்த நாட்களில் உடம்பு நடுங்கும், வயிறு முறுக்கும், தூக்கமே வராது. மருந்து கொடுத்தாலும் கஷ்டம்தான்.

அவருடைய தாய்வழித் தாத்தா வட கரோலினாவில் மெதடிஸ்ட் போதகர். பிரசங்கம் கேட்டு வளர்ந்த பையன். 1964 டிசம்பர் 9 அன்று, நியூ ஜெர்சியில், தன்னுடைய நால்வர் குழுவோடு ‘எ லவ் சுப்ரீம்’ பதிவு செய்தார். அதன் கடைசிப் பகுதிக்குச் ‘சங்கீதம்’ என்று பொருள்படும் பெயர். நம் வேதாகமத்தில் தாவீது பாடும் அதே சங்கீதம். கோல்ட்ரேன் எழுதிய நன்றி ஜெபம் ஒன்று இசைத்தட்டின் உறையில் அச்சாகியிருக்கிறது. அதை அவர் பாடவில்லை. அசை அசையாகச் சாக்ஸபோனில் ஊதினார். உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் வரிவரியாகக் கூடவே போகலாம். இது தெரியாமலே நான் பல வருடம் கேட்டிருக்கிறேன், ஏதோ மெதுவான முடிவு என்று நினைத்து.

1967 ஜூலை 17 அன்று கல்லீரல் புற்றுநோயில் இறந்தார். வயது 40. அந்த வீட்டிலிருந்து வெளியே வந்தபின் அவருக்குக் கிடைத்தது பத்தே வருடம்.