காஸ்டிக் வந்த பிறகுதான் சோப்பு

கோயம்புத்தூரை அடுத்த எங்கள் பெரியநாயக்கன்பாளையத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் சோப்புக்கு வேண்டிய சரக்கெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். தெற்கே பொள்ளாச்சித் தென்னந்தோப்புகள், கிழக்கே காங்கேயத்துக் கொப்பரைக் களங்கள், மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் நீலகிரித் தைல மரங்கள், சத்தியமங்கலம் காட்டில் சந்தனம். தென்னை இவ்வளவு பரவியதும், தைல மரம் நீலகிரிக்கு வந்ததும் பிற்காலம். ஆனால் ஆமணக்கும் எள்ளும் இலுப்பையும் இங்கே என்றைக்கும் இருந்தன. எண்ணெய்க்குப் பஞ்சமில்லாத இந்தக் கொங்கு நாட்டில் சோப்பு மட்டும் பிறக்கவில்லை.

தேவை இல்லாதது ஒரு காரணம். தலைக்கு அரப்பும் சீயக்காயும், உடம்புக்குப் பயத்தமாவு, துணிக்கு உவர்மண்ணும் வெள்ளாவியும் இருந்தன. உசில மரத்து இலையை நிழலில் காயவைத்து இடித்தால் அரப்பு. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் அதற்கு இணையாக எந்தச் சோப்பையும் நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு காரணம் காரம். சோப்பைப் பெற்றெடுப்பது வாசனையல்ல, காரம்தான். எண்ணெயில் கடுங்காரம் சேர்ந்தால் இரண்டும் தம் குணம் மாறி, சோப்பாகவும் கிளிசரினாகவும் பிரிகின்றன. உவர்மண்ணிலும் காரம் உண்டு. அதிலிருப்பது சோடியம் கார்பனேட். அழுக்கெடுக்க அது போதும், எண்ணெயைக் கெட்டியான கட்டியாக்க அதற்கு வலு போதாது. பிரான்சில் நிக்கொலா லெப்லாங் 1791இல் சாதாரண உப்பிலிருந்து சோடா எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்தச் சோடாவைச் சுண்ணாம்போடு சேர்த்தால் கடுங்காரமான காஸ்டிக் சோடா கிடைக்கும். அது மலிவான பிறகுதான் உலகத்தில் சோப்பு எளியவர் வீட்டுக்குள் நுழைந்தது.

நம் பக்கம் சோப்பு வந்த வழியைப் பாருங்கள். கோயம்புத்தூரும் மலபாரும் ஒரே சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், 1914இல், அரசின் மீன்வளத் துறையே மலபார்க் கரையில் சோப்பு செய்யத் தொடங்கியது. மீன் எண்ணெயைப் பயனுக்குக் கொண்டுவரும் முயற்சியில் பிறந்த வேலை அது; பின்னால் கோழிக்கோட்டின் கேரளா சோப்பாக வளர்ந்தது. அதே ஆண்டு மூண்ட உலகப் போரால் மைசூர்ச் சந்தனக் கட்டைகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேற முடியாமல் தேங்கின. கட்டையாக விற்றதை எண்ணெயாக வடிக்க மைசூர் அரசு 1916இல் ஆலை வைத்தது. அந்த எண்ணெயிலிருந்து பிறந்தது மைசூர் சாண்டல் சோப்பு. அதை உருவாக்கியவர் எஸ்.ஜி.சாஸ்திரி என்ற வேதியியலாளர். மரத்திலிருந்து வடித்த நறுமண எண்ணெயைச் சோப்பில் சேர்ப்பது என்றால் தென்னாட்டில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் இதுதான்.

காஸ்டிக் கொங்குப் பக்கத்திலேயே தயாரானது மேட்டூரில். காவிரிக்குக் குறுக்கே அணை 1934இல் முடிந்தது. சில ஆண்டுகளிலேயே அங்கே மேட்டூர் கெமிக்கல்ஸ் எழுந்தது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக்கும் குளோரினும் கிடைக்கும். நெசவுக்கும் சாயத்துக்கும் மட்டுமல்லாமல் சோப்புக்கும் அந்தச் சரக்கு வேண்டியிருந்தது.

வீட்டில் பிறந்த சோப்பு என்றால் என் மனதில் முதலில் நிற்பது 1969இன் சென்னைதான். டாக்டர் வி.பி.சித்தன் ரயில்வேயில் மருத்துவர். தொழிலாளர்களின் தோல் நோய்களைத் தினமும் பார்த்தவர். கேரளத்தில் தம் குடும்பத்தின் வைத்திய மரபில் வந்த மூலிகை எண்ணெய் அவருக்குத் தெரியும். எண்ணெயாகக் கொடுத்தால் பூசிக் காத்திருக்க வேண்டும். சோப்பாகக் கொடுத்தால் வேலை முடிந்து குளிக்கும்போதே மருந்து உடம்பில் படும். அவரும் மனைவி சௌபாக்கியமும் வீட்டிலேயே தேங்காயெண்ணெயில் மூலிகை சேர்த்து அந்தச் சோப்பைச் செய்தார்கள். அதுதான் மெடிமிக்ஸ். நோயாளியின் கஷ்டத்திலிருந்து ஒரு பொருள் பிறந்தது என்பதாலேயே எனக்கு அந்தக் கதை மீது தனி மதிப்பு.

இன்று எங்கள் ஊரிலும் வீட்டில் சோப்பு செய்து சொந்தபந்தத்துக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே தேங்காயெண்ணெய்தான் சரி என்பதற்கு நல்ல காரணம் உண்டு. போர்த் தண்ணி கடினமாக இருக்கும் வீட்டில் மற்ற எண்ணெய்ச் சோப்புகள் நுரைக்காமல் திப்பிதிப்பியாகப் படியும். தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதனால் உப்புத் தண்ணியிலும் நுரை வரும். ஆலைகளில் பெரும்பாலும் கிளிசரினைப் பிரித்தெடுத்துத் தனியாக விற்கிறார்கள். வீட்டுச் சோப்பில் அது உள்ளேயே தங்கிவிடுகிறது. குளித்த பின் தோல் மிருதுவாக இருக்க அதுவும் ஒரு காரணம்.

வீட்டில் செய்வதற்கான கணக்கு இதுதான். ஒரு கிலோ தேங்காயெண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் பிடிக்கும். தேங்காயெண்ணெய்ச் சோப்பு தோலை வறட்டும் என்பதால் 150 கிராமோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மிச்ச எண்ணெய் தோலுக்கு உதவும். 300 கிராம் தண்ணீர் போதும். ஆமணக்கெண்ணெய்க்கும் வேப்பெண்ணெய்க்கும் இதைவிடக் குறைந்த காஸ்டிக்கே வேண்டும். ஒன்றின் கணக்கை இன்னொன்றுக்குப் போட்டால் மிஞ்சிய காரம் உடம்பை எரிக்கும். கண்ணளவு, கையளவு இங்கே ஆகாது. டிஜிட்டல் தராசு இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

காஸ்டிக்கைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தை அது அரித்து, தீப்பிடிக்கும் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். கரைசல் ஆறியதும் எண்ணெயில் ஊற்றிக் கலக்கினால் கூழ் பதத்துக்கு வரும். வாசனைத் தைலம் சேர்க்கும் நேரம் அதுதான். முன்கூட்டிச் சேர்த்தால் சூட்டில் வாசனை ஆவியாகிப் போகும். ஒரு கிலோ எண்ணெய்க்கு 20 முதல் 30 கிராம் வரை போதும். சில தைலங்களுக்கு அதுவும் அதிகம். யூகலிப்டஸ் தைலம் நல்லதாயிற்றே என்று அள்ளி ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செடியிலிருந்து வந்ததென்பதால் எதுவும் தோலுக்குச் சாதுவாகிவிடாது. எலுமிச்சைப்புல் தைலத்தின் மணத்துக்குக் காரணமான சிட்ரால் சிலருக்கு ஒவ்வாமை தரும். கைக்குழந்தைக்கு வாசனையே இல்லாத சோப்புதான் என் பரிந்துரை.

அச்சில் ஊற்றி, மறுநாள் வெட்டி, 4 முதல் 6 வாரம் காற்றாடக் காயவையுங்கள். பொறுமையில்லாதவருக்கு இந்தத் தொழில் சரிப்படாது. விற்பதென்றால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். குளியல் சோப்பு சட்டப்படி அழகுப் பொருள். வீட்டில் செய்ததென்று அதற்கு விலக்கில்லை.

கடைசியாக ஒன்றை வேண்டிக் கேட்கிறேன். காஸ்டிக்கைத் தண்ணி பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ கரைத்து வைக்காதீர்கள். ஒரு மிடறு போதும், குழந்தையின் உணவுக்குழாய் வெந்துபோகும். ஆயுளுக்கும் விழுங்கச் சிரமப்படும். பெயரெழுதி ஒட்டி, பூட்டுப் போட்ட அலமாரியில் வையுங்கள். கலக்கும் நாளில் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மேலே பட்டுவிட்டால் எலுமிச்சை, வினிகர் என்று தேடாமல் ஓடும் தண்ணீரில் வெகுநேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிய கையோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.