பிள்ளைப் புத்தகத்துக்கு யார் மார்க் போடுவது?

போன மாதம் ஔந்த் பரிஹார் சௌக் பக்கம் ஒரு ரத்தி கடைக்குப் போயிருந்தேன் (பழைய பேப்பர் கடைக்கு இங்கே அதுதான் பெயர்). எடைக்குப் போட்டதைவிட அதிகமாக வாங்கிக்கொண்டு திரும்புவது என் வழக்கம். வாசலிலேயே நின்று முறைப்பது தங்கமணியின் வழக்கம். அன்றைக்குச் சிக்கியது 'சாந்தோபா' என்ற மராத்தி சிறுவர் பத்திரிகையின் பழைய இதழ்கள் நான்கு. ஒன்றைப் பிரித்தவன் அப்படியே நின்றுவிட்டேன். சுடுகாடு, முருங்கை மரம், தோளில் பிணம், கையில் உருவிய வாள். அட, நம்ம விக்கிரமாதித்தன்!

பக்கத்து ஃபிளாட் ஆஜோபாவிடம் காட்டினேன். எழுபது தாண்டியவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது எங்க சாந்தோபா, சின்ன வயசுல மாசம் பிறந்தா இதுக்காகத்தான் காத்திருப்போம்" என்றார். "ஆஜோபா, இது மெட்ராஸ் வடபழனியில அச்சான புத்தகம். எங்க ஊர்ல இதுக்குப் பேரு அம்புலிமாமா" என்றேன். சிரித்துவிட்டு, "நீங்க மெட்ராஸ்காரங்க எல்லாத்தையும் உங்களோடதுன்னுதான் சொல்வீங்க" என்றார். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சக முகவரி இருந்ததோ, பிழைத்தேன்!

நியாயமாகச் சொன்னால் அது எங்களுடையதும் இல்லை. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் 'அம்புலிமாமா' என்று ஒரே சமயத்தில் தொடங்கினார்கள். மாயாபஜார் எடுத்த அதே விஜயா கூட்டணிதான். 1949-இல் கன்னடமும் ஹிந்தியும், 1952-இல் மராத்தியும் சேர்ந்தன. அப்புறம் சிங்களம், சமஸ்கிருதம் வரைக்கும் போனது. கதைகள் பெரும்பாலும் தெலுங்கில் எழுதப்பட்டு மற்ற மொழிகளுக்குப் போகும். படம் எல்லாருக்கும் ஒன்றே. அந்த விக்கிரமனையும் வேதாளத்தையும் வரைந்த 'சங்கர்' என்கிற கே.சி. சிவசங்கரன் நம்மூர்க்காரர், 2020-இல் காலமானார். கோவில்பட்டியில் நானும் பூனாவில் ஆஜோபாவும் பயந்தது ஒரே மனிதரின் தூரிகைக்கு.

இதை இங்கே எழுதக் காரணம் என் மகள். எட்டு வயது. இங்கிலீஷும் ஹிந்தியும் மராத்தியும் பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டன. தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். மூன்று வருடம் முன்பு சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரு பை நிறைய வாங்கிவந்தேன். திருக்குறள் கதைகள், தெனாலிராமன், பஞ்சதந்திரம், அறிஞர்களின் இளமைப் பருவம். எல்லாம் "நல்ல" புத்தகங்கள். ஒன்றையும் அவள் தொடவில்லை. நானும் விடாமல் உட்கார்த்திவைத்துப் படிக்கவைத்தேன். ஒரு நாள் "தமிழ்னாலே ஹோம்வொர்க்தானாப்பா?" என்று கேட்டாள். சுருக்கென்றது. கெட்டது பையிலா, நான் வாங்கிய விதத்திலா என்று அன்றைக்குத்தான் யோசிக்கத் தொடங்கினேன்.

பிள்ளைப் புத்தகத்துக்கு நம் ஊரில் யார் மார்க் போட்டார்கள்? பெரியவர்கள்தான். என்ன நீதி, என்ன அறிவு, பிழையில்லாத தமிழா, இந்த மூன்றைத்தான் பார்த்தார்கள். பிள்ளை மறுபடி அந்தப் புத்தகத்தை எடுத்தானா என்பது எந்த நடுவரின் தாளிலும் ஒரு கட்டமாக இருந்ததாகத் தெரியவில்லை.

விதிவிலக்கு உண்டு. இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைப் பாட்டு எழுதிய அழ. வள்ளியப்பா. புதுக்கோட்டைப் பக்கம் ராயவரத்துக்காரர். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைந்ததில் பெரும்பங்கு அவருடையது. பிள்ளைகளுக்கு எழுதுவதை ஒரு தனி வேலையாக மதிக்கவைத்தது அந்தச் சங்கம். போட்டி வைத்தார்கள், பரிசு கொடுத்தார்கள். வள்ளியப்பாவின் பாட்டுகளில் நீதி இல்லாமல் இல்லை. ஆனால் முதலில் அது நாக்கில் உருளும். நீதி பின்னால் வந்து சேர்ந்தால் சேரட்டும் என்று விட்டுவிடுவார். அவர் வைத்திருந்த அளவுகோல் காது என்று எனக்குத் தோன்றும்.

நாவல் பக்கம் வந்தால், கலைமகள் நிறுவனத்திலிருந்து ஆர்வி ஆசிரியராக இருந்து நடத்திய 'கண்ணன்'. அதன் போட்டியில் பரிசு வாங்கிய சாகச நாவல் ஒன்றின் பெயர் 'நந்திமலைச் சாரலிலே'. எழுதியவர் அப்போது பதின்வயதுப் பெண். பின்னாளில் நமக்கெல்லாம் அம்பை என்று தெரிந்தவர். படிக்கிற வயதில் இருந்த ஒருத்தியையே எழுதவைத்த ஆசிரியர், பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை பாருங்கள். 'கண்ணன்' நின்ற பிறகு 'கோகுலம்' வந்தது; 1984-இல் வாண்டுமாமா ஆசிரியராக 'பூந்தளிர்' வந்தது. வாண்டுமாமாவைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், இங்கே அடக்க முடியாது.

கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன். எங்கள் தெரு சைக்கிள் கடையில் பின்பக்கம் ஒரு கயிறு கட்டி, அதில் காமிக்ஸ் தொங்கும். வாடகை கால் ரூபாய். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து படித்துவிட்டுக் கொடுத்துவிட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோனால் இரட்டை வாடகை, பிடிபட்டால் முதுகுக்குத் தனி வாடகை. அப்படிப் படித்ததுதான் 'இரும்புக்கை மாயாவி'. 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது அது. தீப்பெட்டியும் காலண்டரும் அச்சடித்த ஊர் லண்டன் மாயாவியையும் அச்சடித்தது. மூலம் 1962-இல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வாரப் பத்திரிகையில் தொடங்கிய தொடர். படம் போட்டவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவான், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும்.

எங்கள் தமிழ் வாத்தியார் அந்தப் புத்தகத்தைப் பிடுங்கி, "இதுல என்னடா நீதி இருக்கு?" என்று கேட்டார். உண்மையிலேயே இல்லை. முதல் கதைகளில் மாயாவி திருடவும் செய்வான். இந்தப் பயம் நம்மூருக்கு மட்டும் உரியதும் இல்லை. காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று வெர்த்தம் என்ற மனநல மருத்துவர் எழுதிய புத்தகம் அமெரிக்காவைக் கலக்கியது 1954-இல். அதே ஆண்டே பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை வைத்துக்கொண்டார்கள். சிவகாசியில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. 1984-இல் லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் என்று பெருகத்தான் செய்தது. தொண்ணூறுகளில் டிவி வந்து கயிற்றிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிவிட்டது. லயனும் முத்துவும் 2012-இல் நல்ல தாளில், வண்ணத்தில் எழுந்து உட்கார்ந்தன. 2022-இல் முத்துவுக்கு ஐம்பது வயது. இப்போது வாங்குகிறவர்களில் பாதிக்குமேல் என்னைப் போல நரைத்த தலைகள் என்பதுதான் கொஞ்சம் உதைக்கிறது.

வாத்தியார் கவனிக்காத ஒன்று உண்டு. காமிக்ஸில் இருப்பதெல்லாம் பேச்சு. குட்டி பலூனுக்குள் ஐந்து வார்த்தை. அதை நீட்டி முழக்க இடமில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு ஐந்து வார்த்தைதான் ஒரு மூச்சு. அடுத்த கட்டத்தில் என்ன ஆயிற்று என்று படம் இழுக்கும். என் மகளுக்கு 'லக்கி லூக்' ஒன்றைக் கொடுத்த இரண்டாவது நாள் "கயவர்கள்னா யாருப்பா?" என்று கேட்டாள். மூன்று வருட உட்கார்த்திவைப்பில் அவளாக ஒரு தமிழ்ச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டது அதுதான் முதல் தடவை.

படப் புத்தகத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகளுக்கு இன்று கிடைப்பது போல எனக்குக் கிடைக்கவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1996-இல் சென்னையில் தொடங்கிய தூலிகா ஒரே புத்தகத்தைத் தமிழிலும் மராத்தியிலும் கொண்டுவருகிறது. இரு மொழிப் பதிப்புகள் கூட உண்டு. 2015-இல் பிரதம் புக்ஸ் திறந்த 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். படங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. ஆனால் பொதுவாகவே, மொழிபெயர்த்து வருகிற படப் புத்தகங்களில் எனக்கு ஒரு மனத்தாங்கல். ஒரு பாட்டி பேத்தியிடம் "என் அன்பே, நீ ஏன் கவலையாக இருக்கிறாய்?" என்று கேட்டால், அந்தப் பாட்டி எந்த ஊர்? எங்கள் அம்மா கேட்டால் "என்னடி, மூஞ்சி சுண்டிப் போயிருக்கு?" என்பார். ஊரில் இருக்கிற பிள்ளைக்கு இது பெரிய விஷயமில்லை, நிஜப் பாட்டி பக்கத்தில் இருக்கிறார். இங்கே பிள்ளைக்குப் பாட்டியின் தமிழ் வருஷத்துக்கு இரண்டு வாரம்தான். மீதி ஐம்பது வாரத்துக்குப் புத்தகம்தான் பாட்டி.

மராத்திக்காரர்கள் இதில் நம்மைவிடக் கொஞ்சம் முந்திக்கொண்டார்கள் என்று அப்பா பல்வந்த் சௌக் புத்தகக் கடைகளில் நிற்கும்போது தோன்றும். மாதுரி புரந்தரே என்று ஒருவர், இதே பூனாக்காரர், தானே எழுதித் தானே படம் போடுகிறவர். ராதா என்ற சிறுமியின் வீட்டு மனிதர்களை வைத்து ஜ்யோத்ஸ்னா பிரகாஷனுக்கு ஒரு வரிசை செய்திருக்கிறார். அம்மா, அப்பா, ஆஜி, ஆஜோபா, அவ்வளவுதான். நீதியும் இல்லை, ராஜாவும் இல்லை. 2014-இல் அவருக்கு சாகித்ய அகாடமியின் பால சாகித்ய புரஸ்கார் கிடைத்தது. என் மகள் அதை மராத்தியில் படித்துவிட்டு, "இது மாதிரி தமிழ்ல வாங்கிக் குடு" என்றாள். தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த விருது 2010-இல் தொடங்கியது. தமிழில் அண்மைக் காலத்தில் வாங்கியவற்றைப் பார்த்தால் நடுவர்களும் மாறிவருகிறார்கள் என்று நம்பலாம். பிள்ளைகள் மீதான பாலியல் சீண்டலைப் பொம்மை ஒன்றின் வாயால் பேசிய யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' (2020), உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (2023), விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' (2025). மரப்பாச்சியை நான்தான் அவளுக்கு ஒரே மூச்சில் வாசித்துக் காட்டினேன். நடுவில் அவள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் தங்கமணி மடியில் உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது வீட்டில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எந்தப் புத்தகம் வந்தாலும் மூன்று பேரும் பத்துக்கு மார்க் போட வேண்டும், காரணம் ஒரு வரி, மற்றவர் போட்டதைப் பார்க்கக் கூடாது. நான் எட்டு போட்ட ஒரு அழகான படப் புத்தகத்துக்கு அவள் இரண்டு போட்டிருந்தாள்: "பாட்டி, பாட்டி மாதிரி பேசல." லக்கி லூக்குக்கு ஒன்பது. ஒரு மார்க் குறைத்தது குதிரை பேசுவது கம்மியாக இருப்பதால். (எழுத்துப் பிழை நாலு. நான் திருத்தவில்லை. தங்கமணி திருத்திவிட்டாள்.)

அந்த சாந்தோபாவையும் நோட்டில் ஏற்ற வேண்டும் என்றாள். அதே கதையை அம்புலிமாமாவில் தேடினேன், கிடைக்கவில்லை. எனக்கு மராத்தி கடைக்கும் ஆட்டோவுக்கும் போதும், கதைக்குப் போதாது. அதனால் ராத்திரி அவளே படித்து, வரி வரியாக எனக்குத் தமிழில் சொன்னாள். தெலுங்கில் எழுதி, மராத்திக்குப் போய், ஔந்தில் மூன்றாவது மாடியில் தமிழாகிக்கொண்டிருந்தது. இடையிடையே தடுக்கும். "தோளுன்னா காந்தா தானே?" என்று கேட்டுக்கொள்வாள். வேதாளம் கேள்வி கேட்கிற இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"நீ சொல்லுப்பா. தெரிஞ்சும் சொல்லலைன்னா தலை வெடிச்சிடுமாம்."

எனக்குப் பதில் தெரியவில்லை. யோசிக்க நேரம் கொடு என்றேன். நாளை வரை கொடுத்திருக்கிறாள்.