மெர்டேக்கா: தளை நீங்கியவனின் பெயர்

ஆகஸ்ட் பிறந்தால் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் லகாட் முதல் ஈப்போ வரை ‘மெர்டேக்கா’ என்ற சொல் கொடிகளோடு சேர்ந்து ஏறிவிடுகிறது. நாட்டு விடுதலை என்பதே இன்று அதற்கு நாம் கொள்ளும் பொருள். ஆனால் நாட்டைக் குறிக்கும் முன் அது மனிதனைக் குறித்தது.

வேர், ‘மகர்த்திக’ என்னும் வடசொல்: பெருவளமும் ஆற்றலும் உடையவன். மலாயில் அது அடிமைத்தளை நீங்கியவனுக்கு உரிய சொல்லானது. டச்சுக்காரர் ஆண்ட பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) விடுவிக்கப்பட்ட அடிமைகளையும் அவர்கள் வழிவந்தோரையும் ‘மார்டைக்கர்’ என்றார்கள். போர்த்துகீசியம் பேசிய அந்தக் கிறித்தவர்களில் பலருடைய முன்னோர், சோழமண்டலம் உள்ளிட்ட இந்தியக் கரைகளிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள். இந்தச் சொல்லில் நம் கரையின் கண்ணீரும் கலந்திருக்கிறது.

தன் உடலுக்கும் உழைப்புக்கும் ஒவ்வொருவனும் தானே உடையவன் என்றார் ஆங்கில அறிஞர் ஜான் லாக். தாராளவாதத்தின் அடித்தளம் அதுதான். ஆனால் பேராக்கில் கடனுக்காக மனிதரை அடிமையாக வைத்திருக்கும் வழக்கம் 1880-களில்தான் சட்டப்படி ஒழிந்தது. அதன் பிறகும், ஒப்பந்தக் கூலியாக வந்த தமிழன் தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை. வேலையை விடுவதே குற்றம். அரசே துரைக்குக் காவல். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது 1910-இல்தான் நின்றது.

மலாயா விடுதலை பெற்ற 1957 ஆகஸ்ட் 31 அன்று முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ‘மெர்டேக்கா’ என்று ஏழு முறை முழங்கினார். புதிய அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு அடிமை முறையையும் கட்டாய உழைப்பையும் தடுத்தது. சொல்லின் பழம்பொருள் சட்டமானது அங்கேதான். 4-ஆம் பிரிவு அரசியலமைப்பையே தலையாய சட்டமாக்கி, அரசுக்கும் வேலி போட்டது.

அந்த வேலியைக் காத்த நீதிபதி ஒருவர் லகாட்டுக்கு அருகில், பத்து காஜாவில் பிறந்தவர்: பின்னாளில் பேராக் சுல்தானான ராஜா அஸ்லான் ஷா. 1970-களில் ஸ்ரீ லெம்பா என்ற நிறுவனம் தன் நிலத்தைப் பிரிக்க அனுமதி கேட்டது. நிரந்தர உரிமையைக் கொடுத்துவிட்டு 99 ஆண்டுக் குத்தகை வாங்கிக்கொள் என்றது நில அலுவலகம். அந்த நிபந்தனை செல்லாது என்றது அவர் அமர்ந்திருந்த நீதிமன்றம். எந்த அதிகாரத்துக்கும் சட்டத்தில் எல்லை உண்டு, எல்லையற்றது சர்வாதிகாரம் என்று அவர் தீர்ப்பில் விளக்கினார்.

வேலி எப்போதும் நிற்கவில்லை. விசாரணையின்றி அடைத்துவைக்க இடம் தந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 1960 முதல் 2012 வரை நீடித்தது. ஆகவே பிள்ளைகளுக்குக் கொடியோடு 4, 6-ஆம் பிரிவுகளையும், தனிமனித விடுதலையைக் காக்கும் 5-ஆம் பிரிவையும், சொத்துரிமையைக் காக்கும் 13-ஆம் பிரிவையும் சொல்லிக்கொடுப்போம். அந்நியன் போனது பாதி மெர்டேக்கா. ஆள்பவர் யாராயினும் சட்டத்துக்கு அடங்கி நடப்பதே மறுபாதி.