அஜ்னாலா கிணற்று எலும்புகள்: இறந்தவர்கள் எந்தப் பகுதிக்காரங்கன்னு பல் சொன்னது எப்படி?

பஞ்சாப் மாநிலம், அமிர்தசரஸ் மாவட்டத்தில் உள்ள ஊர் அஜ்னாலா. 2014-ல் அங்கே ஒரு பழைய கிணற்றைத் தோண்டியபோது மனித எலும்புகளும் பற்களும் குவியலாகக் கிடைத்தன. யார் இவர்கள்?

ரெண்டு கருத்து

1947 பிரிவினைக் கலவரத்தில் இறந்தவர்கள் என்றனர் சிலர். 1857-ல் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளம்பிய சிப்பாய்கள் என்றனர் வேறு சிலர். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. பிடிபட்ட 282 சிப்பாய்கள் அஜ்னாலாவில் கொல்லப்பட்டு, உடல்கள் கிணற்றில் போடப்பட்டதை, அப்போது அமிர்தசரஸ் துணை ஆணையராக இருந்த ஃபிரெடரிக் கூப்பரே 1858-ல் புத்தகமாக எழுதியிருந்தார்.

கூப்பர் சொன்னது 26-வது வங்காள காலாட்படை பற்றி. வங்காளப் படைக்குப் பெரும்பாலும் கங்கைச் சமவெளியில் இருந்துதான் ஆள் எடுத்தார்கள். அப்படின்னா, இறந்தவர்கள் வளர்ந்தது பஞ்சாபிலா, கங்கைக் கரையிலா? இது தெரிந்தால் பாதி புதிர் விடுபடும்.

பல்லில் என்ன இருக்கு?

ஒரே தனிமத்தின் அணுக்களிலேயே சில லேசாகவும் சில கனமாகவும் இருக்கும். இவைதான் ஐசோடோப்புகள். உதாரணத்துக்கு, மழை மேகம் கடலில் இருந்து உள்நாட்டுக்கு நகர நகர, கனமான ஆக்சிஜன் முதலில் மழையாக இறங்கிவிடும். அதனால் ஊருக்கு ஊர் தண்ணீரில் இந்த விகிதம் மாறும்.

சின்ன வயசில் நாம் குடிக்கும் தண்ணீரின் விகிதம் பல் எனாமலில் பதிவாகிவிடும். எலும்பு வாழ்நாள் முழுக்கப் புதுப்பிக்கப்படும், எனாமல் அப்படியில்லை. எங்கே போய் வாழ்ந்தாலும், வளர்ந்த ஊரின் தடயம் பல்லில் அப்படியே இருக்கும்.

பாறைக்குப் பாறை மாறும் ஸ்ட்ரான்சியமும் இதேபோல மண், தண்ணீர், உணவு வழியாகப் பல்லுக்கு வருது.

முடிவு என்ன?

2022-ல் ஆய்வு முடிவு வெளியானது. 85 பேரின் பற்களில் ஆக்சிஜன் ஐசோடோப் சோதனையும், 50 பேரின் பற்களில் தாய்வழி டிஎன்ஏ சோதனையும் நடந்தன. இரண்டுமே கங்கைச் சமவெளியைத்தான் காட்டின. பஞ்சாப் மக்களோடு ஒத்துப்போகவில்லை. சிப்பாய்கள் என்ற கருத்து வலுவானது.

எல்லாத்தையும் சொல்லிடுமா?

இல்லை. பெயரையோ கிராமத்தையோ இது சொல்லாது. தூரத்தில் இருக்கும் இரண்டு பகுதிகளுக்கு ஒரே அளவு வரவும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் டிஎன்ஏ, வரலாற்று ஆவணம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். 'இந்தப் பகுதி இல்லை' என்று உறுதியாக விலக்குவதுதான் இதன் பெரிய பலம். அடையாளம் தெரியாத சடலம் கிடைக்கும்போது, எங்கே தேட வேண்டும் என்று போலீசாருக்கு வழிகாட்டவும் இதே முறை உதவுது.