தெல்தெனியாவில் ஒரு நீரோரக் காணி

கனடாவில் வாழும் என் பெரியப்பாவின் மகன் சென்ற ஆண்டு இறுதியில் கண்டிக்கு வந்திருந்தார். டொரொன்டோவில் இருந்து வடக்கே நான்கு மணிநேரக் கார்ப் பயணத்தில், பைன் காட்டின் நடுவே, ஏரிக்கரையில் மரவீடு ஒன்றை வாங்கி வைத்திருப்பவர் அவர். கோடையில் அங்கே படகோட்டுவதும் மீன்பிடிப்பதும் அவரது பிள்ளைகளுக்குப் பெருவிருப்பம். "தம்பி, அங்கே எனக்கொரு கரை இருக்கிறது. பிறந்த மண்ணிலும் ஒரு கரை வேண்டும்" என்றார். தரகர் ஒருவர் அதற்கு முன்னரே அவரைப் பிடித்திருந்தார். திகனைக்கு அப்பால், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் ஓரமாக, நாற்பது பேர்ச் காணி.

போய்ப் பார்த்தோம். காட்சியைக் குறைசொல்ல இயலாது. கீழே பச்சை நீர்ப்பரப்பு, எதிரே நக்கிள்ஸ் மலைத்தொடர். "கரையே உங்களுடையதுதான் ஐயா" என்றார் தரகர். முப்பது வருடப் பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்றுத்தந்த ஒரேயொரு நற்பழக்கம், சொல்லைக் கேட்டபின் காகிதத்தைக் கேட்பது. நில அளவையாளரின் வரைபடத்தை விரித்தோம். காணியின் கீழ் எல்லை நீரைத் தொடவில்லை. இடையே ஒரு பட்டை நிலம், ஒதுக்ககம் என்று குறிக்கப்பட்டிருந்தது. நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள அந்தப் பட்டை அரசுடையது. அதில் ஒரு படகுத்துறை கட்டவும் எவருக்கும் உரிமையில்லை. இக்கரைகள் போதாதென்று 1987ஆம் ஆண்டில் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை நீர்த்தேக்கங்களை உள்ளடக்கிய பிரதேசம் வனவிலங்குச் சரணாலயமாகவும் பிரகடனம் செய்யப்பட்டது.

தரகர் சற்றும் கலங்கவில்லை. அந்த உறுதியைப் பின்னோக்கி வாசிக்கும் ஆசை எனக்கு அப்போதுதான் எழுந்தது. நொத்தாரிசு தந்த பிரதியில், விற்றவருக்கு விற்றவர், அவருக்கு விற்றவர் என்று போய், ஈற்றில் ஒரு முடிக்குரிய காணி நன்கொடையில் சங்கிலி முடிந்தது. கண்டியைச் சுற்றிய பல காணிகளின் வரலாறு அங்கேதான் முடிகிறது. அல்லது அங்கேதான் தொடங்குவதாகச் சட்டம் கருதுகிறது.

கண்டி இராச்சியத்தில் காடு என்பது விற்பனைப் பொருளாக இருக்கவில்லை. நகரின் மேலே இன்றும் நிற்கும் உடவத்தகலை, அரசனுக்கு மட்டுமே உரித்தான தடைசெய்யப்பட்ட வனம். கண்டி வாவியோ அதற்கு நேர்மாறான கதை: வயல்களாகக் கிடந்த நிலத்தில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 முதல் குடிகளின் கட்டாய உழைப்பைக் கொண்டு அமைத்தது. அவன் அதன் நடுவே கட்டிய தீவு மண்டபத்தைப் பின்னர் ஆங்கிலேயர் வெடிமருந்துக் களஞ்சியமாக்கினர். உடவத்தகலையை மாத்திரம் அவர்கள் 1856இல் ஒதுக்கப்பட்ட காடாக்கிக் காப்பாற்றினர். அதனுள்ளே தேசாதிபதி வில்மட் ஹோர்ட்டனின் மனைவி பெயரால் ஒரு நடைபாதை இன்னமும் இருக்கிறது. அரசன் தனக்கென வைத்ததைத் தமக்கென வைத்துக்கொண்டார்கள், அவ்வளவே வேறுபாடு.

ஏனைய காடுகளின் கதி வேறு. 1815இல் கண்டி வீழ்ந்த பின்னர், 1820களில் கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேர்டும், கன்னொருவையில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸும் கோப்பி பயிரிட்டார்கள். 1830களில் முடிக்குரிய காணி ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங் என்ற அடிவிலைக்கு ஏலத்தில் விடப்பட்டது. ஆனால் விற்பவரிடம் அந்தக் காணி இருப்பது யார் சொல்லி? அதற்கு விடையாக வந்ததே 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, ஆளில்லாத அல்லது பயிரிடப்படாத நிலம் யாவும், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்கே உரியதென அனுமானிக்கப்படும் என்றது அது. கண்டிப் பிரதேசங்களில் சேனைகளுக்கும் இவ்விதி பொருந்தியது. சன்னஸ் பட்டயமோ அரச நன்கொடையோ வழமையான வரி செலுத்திய சான்றோ இல்லாத கிராமத்தான், தன் பாட்டன் சேனை வெட்டிய மேட்டில் அத்துமீறியவன் ஆனான். நிரூபிக்கும் பாரத்தை எவன் தலையில் வைப்பது என்பதிலேயே ஒரு நாட்டின் காணிக் கொள்கை முழுவதும் அடங்கிவிடுகிறது.

வாங்கியவர்கள் யார் என்பதுதான் சுவையான பகுதி. சட்டமியற்றியவர்களும் ஏலத்தை நடத்தியவர்களுமே வாங்கினார்கள். குடியேற்றச் செயலாளர் அன்ஸ்ட்ரதர், மகாவம்சத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜோர்ஜ் டேர்னர், நீதிபதிகள், இராணுவ அதிகாரிகள், மதகுருமார்கூட அந்தப் பட்டியலில் இருந்தனர். 1841இல் மாத்திரம் எழுபதாயிரம் ஏக்கருக்கு மேல் கைமாறியது. அரசாங்க உத்தியோகத்தர் தோட்டம் வைத்திருப்பதைத் தடுக்கும் எண்ணம் லண்டனுக்குப் பிந்தித்தான் வந்தது. அடிவிலை 1844இல் ஒரு பவுணாக உயர்ந்தபோது நல்ல காடுகளில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. 1847இல் கோப்பி விலை சரிந்தது. 1848இல் மாத்தளையிலும் கண்டியிலும் கிளர்ச்சி வெடித்தது.

கிராமத்து வயல்களெல்லாம் பறிபோயின என்று மேடைகளில் சொல்வது மிகை. கோப்பி ஏறியது பெரும்பாலும் மனிதர் குடியிராத உயர்காடுகளில். போனவை மேய்ச்சல், விறகு, சேனை ஆகியவை. அவை காகிதத்தில் இல்லாத உரிமைகள். ஆகையால் இழப்பும் காகிதத்தில் இல்லை. அந்தக் கோபம் தோட்டத்துரைமாரைவிட, மதுரையில் இருந்தும் திருச்சியில் இருந்தும் மன்னார்க் காட்டுவழியே நடந்து வந்து அந்த மரங்களை வெட்டிய எங்கள் முன்னோர்மேல் அதிககாலம் நிலைத்தது. அவர்கள் வெட்டிய காட்டில் அவர்களுக்கென ஒரு பேர்ச்சும் இருக்கவில்லை.

விக்டோரியா அணைக்கட்டு 1978இல் தொடங்கப்பட்டு, 1985 ஏப்ரலில் மார்கரெட் தாட்சர் வந்திருக்கத் திறந்துவைக்கப்பட்டது. 122 மீட்டர் உயரம், 210 மெகாவொட் மின்சாரம், பெரும்பங்கு பிரித்தானிய உதவி. பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. அந்தக் கடைவீதியில் அப்பா எனக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்கித் தந்தது நினைவிருக்கிறது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது அதன் அத்திவாரங்கள் வெளியே தெரியும். காணி உறுதி இருந்தவர்கள் புதிய நகரத்துக்கோ, மகாவலி சி வலயத்துக்கோ போனார்கள். என் தாய்மாமன் குடும்பம் இருந்த லயமும் மூழ்கியது. அவர்களிடம் காட்டுவதற்கு உறுதி ஏதும் இருக்கவில்லை. இன்னொரு தோட்டத்தின் இன்னொரு லயத்துக்குப் போனார்கள். நாங்கள் நின்ற இடத்தில் இருந்து அண்ணனுக்கு அந்தத் திசையைக் கைகாட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், எதுவும் பேசவில்லை.

இனி, அவர் வாங்க முடியுமா என்ற கேள்வி. கனடியப் பிரசையானபோது அவரது இலங்கைப் பிரசாவுரிமை அற்றுப்போயிற்று. வெளிநாட்டவர் காணி வாங்கினால் அதன் பெறுமதிக்குச் சமனான வரி என்று 1963இல் விதித்தார்கள்; 2002இல் எடுத்தார்கள்; 2004இல் மீண்டும் போட்டார்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் அத்தகைய உடைமை மாற்றத்தையே தடைசெய்தது. குத்தகைக்கு எடுக்கலாம், மாடிக் குடியிருப்பு வாங்கலாம், இரட்டைப் பிரசாவுரிமை இருந்தால் தடையில்லை. புலம்பெயர்ந்த வாசகர்கள் பலர் இதை அறியாமல் உறவினர் பெயரில் வாங்கி, பின்னர் உறவையும் காணியையும் சேர்த்து இழந்ததை நான் செய்தியாகவே எழுதியிருக்கிறேன்.

அண்ணனுக்கு இது வெறும் படிவ விவகாரமல்ல. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட பெரியப்பா, 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து, வருடக்கணக்கில் காத்திருந்து பெற்ற சான்றிதழைத் தகரப்பெட்டியில் வைத்துக் காத்தவர். தந்தை போராடிப் பெற்றதை மகன் ஒரு கையொப்பத்தில் விட்டிருந்தார். தரகரிடம் முற்பணம் கொடுக்காமல் திரும்பினோம்.

தை மாதத்தில் தொலைபேசியில் அழைத்தார். தமது மரவீட்டுப் பத்திரங்களை எடுத்து முதன்முறையாக முழுவதும் வாசித்தாராம். அங்கும் ஏரிக்கரையை ஒட்டி 66 அடி அகலத்தில் பழைய முடிக்குரிய வீதி ஒதுக்கீடு ஒன்று ஓடுகிறது. அவரது படகுத்துறை அதன்மேல்தான் நிற்கிறது. அந்தக் காடு 1850ஆம் ஆண்டு ராபின்சன் ஹியூரன் உடன்படிக்கையால் அனிஷினாபே மக்களிடம் இருந்து பெறப்பட்டது. அவர்களுக்கு 1875 தொடக்கம் ஆளொருவருக்கு ஆண்டுக்கு 4 டொலர் கொடுக்கப்பட்டு வந்ததை எதிர்த்த வழக்கில், பத்து பில்லியன் டொலர் இணக்கம் 2023இல் ஏற்பட்டதையும் அவர் தேடி வாசித்திருந்தார்.

"தம்பி, அப்பாவின் அந்தச் சான்றிதழ் உன்னிடம்தானே இருக்கிறது? ஒரு பிரதி எடுத்து அனுப்பு" என்றார். மறுநாளே எடுத்து அனுப்பினேன். மடிப்புகளில் காகிதம் கிழிந்திருந்தது. இலக்கம் மட்டும் தெளிவாக இருக்கிறது.