கெபாயா: இல்லத்து உடையொன்றின் சரித்திரம்

மலாய்த் தீபகற்பத்திலும் ஜாவா, சுமத்திரா முதலிய தீவுகளிலும் வாழும் ஸ்திரீகள் கைலியின்மேல் அணிந்துவரும் கெபாயா என்னும் மேற்சட்டை, முன்புறம் கழுத்திலிருந்து கீழ்வரை திறந்ததாயும், பொத்தானின்றி ஊசிப்பதக்கங்களாலேயே மார்பின் நடுவே இணைக்கப்படுவதாயும், மணிக்கட்டளவு நீண்ட கைகளை உடையதாயும் அமைந்தது. இன்று அதை விருந்து மண்டபங்களிலும் அரசாங்க வைபவங்களிலும் விமானங்களிலும் காண்கிறவர்கள், ஆதியிலிருந்தே அது அலங்கார உடையாக இருந்ததென்று எண்ணிவிடுவது இயல்பே. ஆனால் சரித்திரம் காட்டும் வழி வேறு. உஷ்ணம் மிகுந்த தேசங்களில், வீட்டுக்குள்ளே, காலைமுதல் மாலைவரை சௌகரியத்தை நாடிப் பெண்கள் தளர்வாக அணிந்த நித்திய உடையாகவே அது வளர்ந்தது. அதன் சௌந்தரியமும் அந்தத் தளர்விலிருந்தே பிறந்தது. வாசலைக் கடந்து மேடையேறிய ஒவ்வொரு காலத்திலும் அது சிறிது சிறிதாக இறுகியது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முன்புறம் திறந்த நீண்ட அங்கியை இந்து மகாசமுத்திரத்துத் துறைமுகங்களுக்குக் கொண்டுவந்தவர்கள் அராபிய, பாரசீக வர்த்தகர்கள் என்பதும், ஆதியில் அது ஆடவர் தரித்த உடையே என்பதும் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டவை. 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றியபின், கோவாவிலிருந்து மலாக்காவரை அவர்களுடைய குடியிருப்புகளில் கலப்பு மணங்களால் உண்டான குடும்பங்களில், இவ்வங்கியும் உள்நாட்டுப் பெண்களின் மெல்லிய மேற்சட்டையும் ஒன்றையொன்று தழுவி உருமாறின. 1580களில் கோவாவில் வசித்த லின்ஸ்கோட்டன் என்னும் டச்சுக்காரர், 1596இல் வெளியான தம் பிரயாண நூலில், அவ்வூர்ச் சீமாட்டிகள் வீட்டிலிருக்கும்போது உடல் தெரியுமளவு மெல்லிய சட்டையொன்றை அணிந்திருந்ததைச் சற்று அதிர்ச்சியுடனே வர்ணித்திருக்கிறார். அவருடைய அதிர்ச்சியைவிட, அது வீட்டிலிருக்கும்போது அணியப்பட்டது என்று அவர் பதிந்த செய்தியே ஆராய்ச்சிக்கு அதிகம் பயன்படுவது. இத்தகைய சட்டைகளுக்கு வேண்டிய மெல்லிய பருத்தித் துணியில் பெரும்பங்கு, மிளகுக்கும் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் மாற்றுச் சரக்காக, மசூலிப்பட்டினம், பழவேற்காடு, நாகப்பட்டினம் ஆகிய சோழமண்டலக் கரைத் துறைகளிலிருந்து கிழக்கே கப்பலேறியது என்பதையும் இங்கே நினைவில் வைப்பது தகும்.

டச்சுக்காரர் 1619இல் ஜாவாவில் பட்டாவியாவை (இன்றைய ஜக்கார்த்தாவை) நிறுவி, 1641இல் மலாக்காவையும் வசப்படுத்தியபின், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர்களை மணந்தவர்கள் பெரும்பாலும் ஆசியாவிலேயே பிறந்து வளர்ந்த கலப்பினப் பெண்களாயிருந்தபடியால், அவர்கள் வீட்டு உடையே அந்நகரத்து மேல்குடியின் உடையாயிற்று. 1754இல் கவர்னர் ஜெனரல் யாக்கோப் மோசல் ஆடம்பரத்தைக் கட்டுப்படுத்துவதற்கென்று பிறப்பித்த சட்டம், வண்டி, குடை, நகை, உடை ஆகிய யாவற்றையும் உத்தியோக அந்தஸ்துக்கேற்ப வரையறுக்க முயன்றது. வீதிக்கு அந்தச் சட்டம் வேண்டியிருந்தது, வீட்டின் உள்ளே நிலவிய வழக்கத்தை அதனால் அசைக்க முடியவில்லை. 1811இல் ஜாவா ஆங்கிலேயர் வசமாகி, ராஃபில்ஸ் லெப்டினன்ட் கவர்னராக அமர்ந்தபின், மறு வருஷமே அவ்வரசாங்கத்தின் கெஜட்டுப் பத்திரிகை, நடன விருந்துகளுக்கு வரும் பட்டாவியாச் சீமாட்டிகள் கெபாயாவைக் கைவிட்டு ஆங்கில உடைக்கு மாறிவருவதைப் பாராட்டி எழுதியது. ஆயினும் 1816இல் ஆங்கிலேயர் விலகிய பின்பும் நூறாண்டளவு அச்சட்டை ஐரோப்பியர் இல்லங்களிலேயே நிலைத்திருந்ததைப் பார்க்கும்போது, மாறியது விருந்துக்கான உடை மாத்திரமே என்பது விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வுடை அடைந்த உருவமே, என் கருத்தில், அதன் சரித்திரத்தில் மிகத் தெளிவானது. வெண்மையான மெல்லிய பருத்தித் துணி, ஓரங்களிலும் கை விளிம்பிலும் ஐரோப்பிய லேஸ், கீழே மெழுகால் வரைந்து சாயமேற்றிய பாத்திக் கைலி: இதுவே டச்சுப் பெண்ணுக்கும் கலப்பினப் பெண்ணுக்கும் காலை உடை. பிற்பகல் ஸ்நானம் முடிந்து மாலையில் வெளியே கிளம்பும்போதுதான் ஐரோப்பிய கவுன் வரும். இந்தக் கைலிகளுக்காகவே ஜாவாவின் பெக்கலோங்கான் நகரில் எலிசா வான் சூலன் போன்ற பெண்கள் சொந்தப் பட்டறை நடத்தி, ஐரோப்பியப் பூங்கொத்துகளை மெழுகால் வரைவித்துப் புகழ்பெற்றார்கள். ஆலைத் துணி மலிந்ததும், தையல் இயந்திரம் வீடுகளில் புகுந்ததும் இச்சட்டையை எளிதில் தைக்கத்தக்கதாக்கின. எனினும் 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐரோப்பாவிலிருந்து நேரே வந்திறங்கிய பெண்களின் தொகை பெருகப் பெருக, ஆளும் இனத்தார் ஆளப்படுவோரின் உடையை அணிவது கௌரவக் குறைவு என்னும் எண்ணம் வலுத்து, 1920களில் டச்சுப் பெண்கள் பெரும்பாலும் அதை விட்டொழித்தனர்.

அவர்கள் கைவிட்ட காலத்திலேயே, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் நகரங்களில் பெரானக்கான் சீனக் குடும்பத்துப் பெண்கள், அதாவது நோன்யாக்கள், அதைத் தம்முடையதாக ஆக்கிக்கொண்டார்கள். அவர்களுடைய முந்தைய தலைமுறை அணிந்தது பாஜு பாஞ்சாங் என்னும், முழங்காலுக்குக் கீழே தொங்கும் தொளதொளத்த நீண்ட அங்கி. குரோசாங் என்னும் மூன்று பதக்கங்கள், ஒன்று பெரியதும் இரண்டு சிறியனவுமாக, அதை மார்பில் பிணைத்தன. இளைய பெண்கள் அதைக் குறுக்கி இடுப்பளவாக்கினர். முதலில் லேஸ் வைத்த ரெண்டா, பிறகு விளிம்பு மட்டும் பிறைபிறையாக வளைத்துத் தைக்கப்பட்ட பீக்கு, அதன்பின் பூவேலை நிறைந்த சூலாம் என்று மூன்று நிலைகளாக அது வளர்ந்தது.

சூலாம் வேலையைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. காலால் மிதிக்கும் சாதாரணத் தையல் இயந்திரத்திலேதான் அது நடந்தது. வட்டமான மரச்சட்டத்தில் துணியை இழுத்துப் பூட்டி, ஊசி ஒரே இடத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, தையற்காரி தன் இரு கைகளாலும் சட்டத்தையே நகர்த்தி, இதழையும் இலையையும் நூலால் நிரப்பினாள். துளைவேலைக்கு முதலில் வடிவத்தின் எல்லையைப் பலமுறை தைத்து உறுதிப்படுத்தி, உட்புறத் துணியைச் சிறு கத்தரியால் வெட்டி நீக்கினாள். கை தவறினால் திரும்ப ஒட்ட முடியாத வேலை அது. சீனத்து பீனிக்ஸ் பறவையும் பியோனிப் பூவும், ஐரோப்பிய ரோஜாவும், வண்ணத்துப்பூச்சியும் ஒரே சட்டையின் முன்நுனிகளில் கூடி வாழ்ந்தன. துணி அத்தனை மெல்லியதாகையால் உள்ளே வெண்ணிறப் பருத்தி உட்சட்டை இன்றியமையாததாயிற்று; துக்க காலத்திலோ கறுப்பு, வெள்ளை, நீலம், பச்சை ஆகிய நிறங்களே முறைப்படி அனுமதிக்கப்பட்டன. இவ்வளவு நுட்பமும் அடுக்களையிலும் கூடத்திலும் அணியும் சட்டைக்குச் செலவிடப்பட்டது என்பதை எண்ணுந்தோறும், நித்திய வாழ்க்கைக்குரிய பொருளை அழகுபடுத்துவதில் அப்பெண்கள் கொண்டிருந்த சிரத்தை வியப்பைத் தருகிறது.

தமிழர்க்கும் இச்சரித்திரத்தில் நேரான தொடர்பு உண்டு. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் அங்கு சென்று உள்நாட்டுப் பெண்களை மணந்த தமிழ் வணிகர்களின் சந்ததியாராகிய மலாக்காச் செட்டிகள், மலாய் மொழியை வீட்டு மொழியாகக் கொண்டும், சைவ சமயத்தைக் கைவிடாதவர்கள். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் அவர்களுடையதே. அச்சமூகத்துப் பெண்களின் பாரம்பரிய உடை சேலையன்று, கைலியும் கெபாயாவுமே. பொங்கலுக்கு முதல் நாள் முன்னோர்க்குப் படையலிடும் பார்ச்சுச் சடங்கில் அவ்வுடையுடனேயே அவர்கள் வழிபடுவது, சமயமும் உடையும் ஒரே பாதையில் சென்றாக வேண்டிய அவசியமில்லை என்பதற்குப் போதிய சான்றாகும்.

இந்தோனேசியாவில் கதை வேறு திசையில் சென்றது. பெண் கல்விக்காக எழுதி 1904இல் 25 வயதிலேயே மறைந்த ஜெப்பாரா நாட்டுக் கார்த்தினியின் புகைப்படங்களில் காணப்படும் எளிய கெபாயா, தேசிய இயக்கத்தின் சின்னங்களுள் ஒன்றாகி, 1964இல் ஜனாதிபதி சுகர்னோ அவர் ஜன்மதினமாகிய ஏப்ரல் 21ஐத் தேசிய தினமாக்கியபின், பள்ளிச் சிறுமிகள்கூட ஆண்டுதோறும் அணியும் உடையாயிற்று. அதற்கு முன்பே, 1950களில், மலாய்த் திரைப்படப் பாடகியும் நடிகையுமான சலோமா அணிந்த, உடலை ஒட்டித் தைத்த சட்டை அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. 1968இல் பாரிஸ் தையல் கலைஞர் பியேர் பால்மேன், மலேசிய-சிங்கப்பூர் விமானக் கம்பெனியின் பணிப்பெண்களுக்காக அதை மேலும் கச்சிதமாக்கினார். இந்தோனேசியாவிலோ, சுகர்னோவுக்குப் பின் வந்த சுகார்த்தோவின் ஆட்சியில் கெபாயா உத்தியோகஸ்தர் மனைவியரின் சம்பிரதாய உடையாகி, உள்ளே இறுக்கமான கச்சும், பெரிய கொண்டையும், நடையைக் குறுக்கும் கைலியும் சேர்ந்து, அணிவதற்கே பிரயாசை வேண்டும் அலங்காரமாயிற்று. தேசிய உடை என்னும் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் அந்தப் பெருமைக்காக அச்சட்டை தன் ஆதி குணமாகிய தளர்வை விலையாகக் கொடுத்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது.

அந்தக் குணத்தை விடாமல் காத்தவர்கள் மத்திய ஜாவாவின் சந்தைப் பெண்களும், மூலிகைக் கஷாயத்தை முதுகில் சுமந்து விற்கும் பெண்களும் ஆவர். இரு முன்பாகங்களையும் நடுவே ஒரு துணித்துண்டால் இணைத்த குத்துபாரு என்னும் சாதாரண கெபாயா அவர்களுக்கு வேலை உடை. 2019இல் ஜக்கார்த்தாவில் சில பெண்கள் சங்கமாகக் கூடி, செவ்வாய்க்கிழமைதோறும் கெபாயா அணிந்தே மின்சார ரயிலேறி வேலைக்குச் செல்வதென்று தொடங்கினார்கள். 2024 டிசம்பரில் புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து தேசங்களும் கூட்டாக விண்ணப்பித்து அதை யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பட்டியலில் ஏற்றின. எந்தத் தேசம் அதற்கு முதல் உரிமையுடையது என்ற வாதம் அதனால் ஓரளவு ஓய்ந்தது. அதைத் தைத்தும் அணிந்தும் வந்த இல்லத்துப் பெண்களின் பெயர்களோ ஆவணங்களில் மிகக் குறைவு. அவர்கள் பெட்டிகளில் விட்டுச்சென்ற சட்டைகளின் தையலையும் துணியையும் துருவி ஆராய்வதே இனி இத்துறையில் எஞ்சியிருக்கும் முதற்பணி.