விஞ்ச் இழுக்கும், தாங்குவது யார்?

  இன்றைக்குப் படகு பற்றிக் கொஞ்சம் பேசலாம். "புனேயில் ஏதுய்யா கடல்?" என்று நம்ம ஊர்க்காரர்கள் கேட்பார்கள். கடல் இல்லை. சுற்றிலும் அணைகளும் ஏரிகளும் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை படகு விடும் சில மன்றங்களும் இருக்கின்றன. நண்பர் ஒருவர் புண்ணியத்தில் அப்படி ஒன்றில் நானும் உறுப்பினர். நாகர்கோவில்காரன், முட்டம் கடற்கரையில் வள்ளம் ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன், படகைக் காசு கொடுத்து ஓட்டுகிறான் என்று ஊரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

விஷயம் 2014-ல் நடந்தது. ஐந்து மீட்டர் ஃபைபர் படகு, எஞ்சினோடு சேர்த்து 900 கிலோ சொச்சம். அதை ரோலர் வைத்த டிரெய்லரில் ஏற்றி, ஜீப்பில் கட்டி, சிமெண்ட் சரிவு வழியாக மேலே கொண்டு வர வேண்டும். டிரெய்லரின் முன்பக்கம் ஒரு இரும்புத் தூண் நிற்கும். அதன் தலையில் கையால் சுற்றும் விஞ்ச். (விஞ்ச் என்றதும் நமக்குப் பழனி மலைதான் ஞாபகம் வரும். இது அதன் கொள்ளுப்பேரன்.) விஞ்சிலிருந்து ஒரு பெல்ட் போய்ப் படகின் மூக்கில் உள்ள வளையத்தில் மாட்டும். சுற்றச் சுற்றப் படகு ஏறி வந்து, தூணில் உள்ள ரப்பர் முட்டில் மூக்கை வைத்து உட்காரும். உட்கார்ந்ததும் தனியாக ஒரு சங்கிலியை அதே வளையத்தில் மாட்ட வேண்டும்.

அன்றைக்கு விஞ்ச் சுற்றியது நான். சங்கிலி மாட்ட வேண்டியதும் நான். மேலே போய் மாட்டிக் கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தூணை டிரெய்லரோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள் துருப்பிடித்து உப்பியிருந்ததைக் காலையிலேயே பார்த்திருந்தேன். மெக்கானிகல் படித்தவன். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

ஜீப் டிரைவர் கிளட்சை விட்டதும் ஒரு உதறல். 'டிக்' என்று சத்தம். தூண் அடியோடு பெயர்ந்து, விஞ்ச் பெல்ட் எல்லாவற்றையும் இழுத்துக் கொண்டு படகு பின்னால் போனது. பின்னால் நின்றவர் மன்றத்துப் படகுக்காரர், அறுபதை நெருங்கியவர். எல்லோரும் 'காகா' என்று கூப்பிடுவோம் (மராத்தியில் சித்தப்பா, நம்ம காக்கா இல்லை :-)). பாசி பிடித்த சிமெண்டில் அவரால் விலக முடியவில்லை. படகின் அடிக்கட்டைக்கும் தரைக்கும் நடுவே கணுக்கால் மாட்டிக் கொண்டது. இரண்டு எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் என்னிடம் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "சங்கிலி மாட்டலையா சாப்?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். மனிதன் எப்போதிலிருந்து படகைத் தரையில் இழுக்கிறான், அதில் எது எதைத் தாங்குகிறது என்று.

சரித்திரத்தில் இழுத்தவர்களுக்குப் பஞ்சமில்லை. கி.மு. 600 வாக்கிலேயே கிரேக்கர்கள் கொரிந்து நிலச்சந்தியின் குறுக்கே கல் பாவிய பாதை போட்டு, படகுகளை ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு இழுத்தார்கள். 1453 ஏப்ரலில் ஆட்டோமன் சுல்தான் இரண்டாம் மெஹ்மத், கான்ஸ்டாண்டிநோபிள் துறைமுகத்தின் வாயைச் சங்கிலி அடைத்திருந்ததால், சுமார் 70 கப்பல்களைக் கொழுப்புத் தடவிய மரக்கட்டைகள் மேல் வைத்து, மலைமேட்டைத் தாண்டி உள்ளே இறக்கினார். ஆர்க்கிமிடீஸ் தனி ஆளாக உட்கார்ந்தபடி, கப்பிகளின் உதவியால் ஆளும் சரக்கும் ஏற்றிய கப்பலை நகர்த்திக் காட்டியதாகப் புளூடார்க் எழுதி வைத்திருக்கிறார். எல்லாம் சரி. அந்தக் கப்பியை எதில் கட்டினார்கள் என்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நிற்க ஓர் இடம் கொடு, பூமியை நகர்த்துகிறேன் என்று அவர் சொன்னதாக வழங்குகிறதே, அதில் எல்லோரும் பிடித்துக் கொள்வது நெம்புகோலை. எனக்கு இப்போது அந்த 'நிற்க ஓர் இடம்'தான் கண்ணில் படுகிறது.

இதற்கு விடை தெரிந்தவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கோழிக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில், சாலியாறு கடலில் சேரும் இடம் பேப்பூர். அங்கே 'உரு' என்கிற பெரிய மரக்கப்பல்களை வரைபடம் இல்லாமல், தலைமை ஆசாரியின் மனக்கணக்கிலேயே கட்டுகிறார்கள். அரபு நாட்டு வியாபாரிகளுக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கட்டியது. இப்போது வளைகுடாப் பணக்காரர்களின் உல்லாசப் படகாகவும் போகிறது. கட்டுவது ஆசாரிகள். கட்டியதைத் தண்ணீரில் இறக்குவது மாப்பிளா கலாசிகள். கலாசி என்றால் ரயில்வேயில் ஒரு வேலையின் பெயர் என்று நமக்குத் தெரியும். அதே சொல்தான், அரபியிலிருந்து வந்தது.

அவர்களின் சாமான்கள் மிகக் கொஞ்சம். கப்பி, வடம், உருளைக்கட்டை, 'தவர்' எனப்படும் மர விஞ்ச். கப்பி என்பது அவர்களுக்கும் கப்பிதான். செக்கைச் சுற்றுவது போல, செங்குத்தாக நிற்கும் மர உருளையில் நீளக் கம்புகளைச் செருகி, ஆட்கள் பாட்டுப் பாடிக்கொண்டே சுற்றி நடக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மையத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, ஆளுக்கு 20 கிலோ வீதம் பத்துப் பேர் தள்ளுகிறார்கள், உருளையின் ஆரம் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக் கொள்ளுங்கள். வடத்தில் 2600 கிலோ வருகிறது. நடுவே நாலு மடங்குக் கப்பி இருந்தால், உராய்வைக் கழித்தாலும் ஏழெட்டு டன். பத்துப் பேருக்கு! சரி, அந்த 2600 கிலோவும் எதிர்ப்பக்கம் யாரைப் பிடித்து இழுக்கும்? தவரைத்தான். அது பெயர்ந்தால் சுற்றுகிறவர்கள் கதி?

2016-ல் ஊருக்குப் போகும்போது பன்வெலில் நேத்ராவதி பிடித்து, வழியில் கோழிக்கோட்டில் இறங்கினோம். தங்கமணிக்கு மிட்டாய்த்தெருவில் அல்வா வாங்கும் யோசனை. எனக்குப் பேப்பூர். உரு கட்டும் கொட்டகைப் பக்கம் வயதான மூப்பன் ஒருவர் பேசக் கிடைத்தார். (கலாசிக் கூட்டத்தின் தலைவருக்கு மூப்பன் என்று பெயர்.) என் அரைகுறை மலையாளத்தில் "வடம் அறுந்தால் என்ன செய்வீங்க இக்கா?" என்று கேட்டேன். சிரித்தார். வடத்தை வாங்கும்போதே பார்த்துக்கொள்வோம் மோனே, தவர் நிற்கும் மண்ணைத்தான் தினமும் பார்ப்போம் என்றார். ராத்திரி மழை பெய்திருந்தால் காலையில் முளைகளை மறுபடி அடித்துச் சரிபார்த்த பிறகுதான் ஆட்கள் கம்பைத் தொடுவார்களாம். இழுக்கும்போது வடத்தின் நேர்கோட்டில் ஒரு ஆள் நிற்கக் கூடாது, பாட்டு நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். என் காலேஜில் நான்கு வருஷம் இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கவனித்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

கலாசிகளைக் கேரளம் முழுக்கத் தெரிய வைத்தது ஒரு துயரம். 1988 ஜூலை 8, மதியம். பெங்களூரிலிருந்து வந்த ஐலண்ட் எக்ஸ்பிரஸ், கொல்லத்துக்கு அருகே பெருமண் பாலத்தில் தடம் புரண்டு அஷ்டமுடிக் காயலில் விழுந்தது. 105 பேர் இறந்தார்கள். (கொச்சியில் வில்லிங்டன் தீவு வரை ஓடிக் கொண்டிருந்த காலத்துப் பெயர் அந்த 'ஐலண்ட்'.) சேலம், ஈரோடு வழியாக வரும் வண்டி, பெங்களூரில் வேலை பார்த்த எங்கள் ஊர்க்காரர்கள் ஏறும் வண்டி. நான் அப்போது சின்னப் பையன். மறுநாள் எங்கள் தெருவில் ஒரே பேப்பரைச் சுற்றி ஏழெட்டு வீட்டுக்காரர்கள் நின்றது நினைவிருக்கிறது. சுழற்காற்றுதான் காரணம் என்று ரயில்வே விசாரணை சொன்னது. அதை நம்பாதவர்கள் இன்றைக்கும் நிறைய. தண்ணீருக்குள் கிடந்த பெட்டிகளைக் கரையேற்ற கலாசிகள் தவரும் கப்பியும் கொண்டு வந்தார்கள். இயந்திரங்கள் திணறிய இடத்தில் அவர்கள் இழுத்த கதையை மலபாரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

நம்ம ஊரிலும் இந்த அறிவு இல்லாமல் இல்லை. தேரில் வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருந்தாலும், சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்தானே தேரை நிறுத்துகிறார்? வள்ளத்தை மணலில் ஏற்றும்போதும் அடியில் கட்டை கொடுக்க ஒரு ஆள் தனியாக உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகி, பல கடற்கரைகளில் டிராக்டர் வந்து இழுக்கிறது. வேகம்தான், அந்தக் கட்டை ஆள்தான் காணாமல் போனார்.

இனி என் டிரெய்லருக்கு வருகிறேன். இது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் பரவிய சாமான். லேசான அலுமினியப் படகும் ஃபைபர் படகும் வந்தன, வீட்டுக்கு வீடு கார் வந்தது, படகைத் துறையில் விடாமல் வீட்டு வாசலில் வைக்க ஆரம்பித்தார்கள். பத்துப் பேர் வேலை ஒருவர் கைக்கு வந்தது. கூடவே மூப்பனின் வேலையும் அதே ஒருவர் தலையில் விழுந்தது.

எங்கள் சரிவு எட்டுக்கு ஒன்று. 900 கிலோ படகு சும்மா நிற்கும்போது பெல்ட்டில் சுமார் 112 கிலோ. ஜீப் உதறும் அந்த நொடியில் அது மூன்று நான்கு மடங்காகும், 400 என்று வையுங்கள். விஞ்ச் இருப்பது 70 சென்டிமீட்டர் உயரத்தில். ஆக, தூணின் அடியில் விழுவது, ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் 280 கிலோவைத் தொங்கவிட்ட மாதிரியான திருப்பம். தண்ணீர் தேங்கித் துருப்பிடிப்பதும் சரியாக அதே அடியில்தான். விஞ்ச் மேல் எத்தனை கிலோ இழுக்கும் என்று எழுதியிருக்கும். அது உருளையில் முதல் சுற்றுக்கான கணக்கு, பெல்ட் அடுக்கடுக்காகச் சேரச் சேர இழுவை குறையும். தூண் எவ்வளவு தாங்கும் என்று நான் பார்த்த எந்த டிரெய்லரிலும் எழுதியிருக்கவில்லை.

விஞ்ச் படகை ஏற்றி வைக்கத்தான். பிடித்து வைக்கச் சங்கிலி, பின்பக்கம் இரண்டு பக்கமும் இறுக்கும் பட்டைகள். படகு ரப்பர் முட்டில் உட்கார்ந்ததும், ஜீப் அசையும் முன்பே, சங்கிலி மாட்டியாக வேண்டும். இறக்கும்போது தண்ணீரைத் தொடும் வரை அதைக் கழற்றக் கூடாது. டிரெய்லரைப் போதுமான ஆழத்துக்கு விட்டால் படகு பாதி மிதந்தே ஏறும். சக்கரம் நனையக் கூடாது என்று டிரைவர் கஞ்சத்தனம் பண்ணினால் அந்தச் சுமை முழுக்க விஞ்சுக்கு. விஞ்சின் நாக்கு பல்லில் விழாமல் கைப்பிடியை விட்டால் அது சுழன்று மணிக்கட்டை உடைக்கும், அப்படி ஒரு கையையும் பார்த்திருக்கிறேன். படகுக்குப் பின்னால் யாரும் நிற்க வேண்டாம். காகா மாதிரி முப்பது வருஷ அனுபவசாலியாக இருந்தாலும்.

காகாவின் காலில் தகடும் திருகும் வைத்தார்கள். செலவில் பாதியை மன்றம் ஏற்றது, மீதியை நான். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். குளிர்காலத்தில் வலிக்கிறது என்கிறார், சற்று சாய்ந்துதான் நடக்கிறார். வேலையை விடவில்லை.

போன மாதம் பையனையும் கூட்டிக் கொண்டு போயிருந்தேன். புதுத் தூண், புது போல்ட்டுகள். பையன் ஆசையாக விஞ்ச் கைப்பிடியைப் பிடித்தான். காகா அவன் கையை மெதுவாக எடுத்துவிட்டு, குனிந்து ஒவ்வொரு போல்ட்டாக ஸ்பானரால் தட்டினார். பிறகு ஸ்பானரை என்னிடம் நீட்டினார். மறுபக்கத்து இரண்டையும் நான் தட்டினேன். அப்புறம்தான் "ஹாங், சலோ" என்றார்.